நாலு அங்குலமா, ஆறா, ஏழரையா

என் வீட்டுக்காரர் பட்டணத்திலிருந்து மூன்று ரிவால்வர்களோடு வந்து இறங்கிய மார்கழியில் பனி அதிகம். காஞ்சிபுரம் ரயில் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் அவருடைய தலைப்பாகை ஈரமாகியிருந்தது. கையிலிருந்த பெட்டியை ஆர்டர்லியிடம்கூடக் கொடுக்காமல் தானே கூடத்துக்குத் தூக்கி வந்தார். கதவைத் தாழிட்டார், ஜன்னல்களைச் சாத்தினார், பாய் ஒன்று விரிக்கச் சொன்னார். ஏதோ சாமி விக்கிரகம் வாங்கி வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பெட்டிக்குள் பச்சைக் கம்பளித் துணியில் மூன்றும் படுத்திருந்தன. அக்கா தங்கைகள் மாதிரி ஒரே ஜாடை. ஒரே கைப்பிடி, தோட்டா போடுகிற ஒரே உருளை. குழல் மட்டும்தான் வேறு வேறு. ஒன்று கட்டை, ஒன்று நடுத்தரம், மூன்றாவது நாரைக் கழுத்து மாதிரி நீண்டு கிடந்தது.

"நாலு அங்குலம், ஆறு அங்குலம், ஏழரை அங்குலம்" என்றார் அவர், ஒவ்வொன்றாகத் தொட்டு.

"மூணையும் வாங்கிட்டீங்களா?"

"வாங்கல. சுட்டுப் பாத்துட்டுச் சொல்லுன்னு கடைக்காரன் குடுத்திருக்கான். பொங்கல் கழிச்சி ரெண்டத் திருப்பிக் குடுத்துரணும். ஒண்ணுதான் நமக்கு."

அவர் அப்போது இந்த ஊரில் போலீஸ் இன்ஸ்பெக்டர். சொந்த ஊர் ஆற்காட்டுப் பக்கம். நான் இதே ஊர்ப் பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி அவர் பின்னால் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கடைசியில் என் ஊருக்கே மாற்றலாகி வந்திருந்தோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அவருடைய குரல், என்னுடைய குரல். மத்தியான வேளைகளில் அதுவும் இருக்காது. கிணற்றில் வாளி இடிக்கிற சத்தம் கேட்டாலே யாரோ பேசுகிற மாதிரி திரும்பிப் பார்ப்பேன்.

ஜில்லா போலீசுக்கு மாசி மாத வாக்கில் செங்கல்பட்டில் விளையாட்டுப் போட்டி நடக்கும். ஓட்டம், கயிறு இழுப்பு, குதிரைச் சவாரி எல்லாம் உண்டு. அதிகாரிகளுக்கு ரிவால்வர் போட்டி. பல வருஷங்கள் அந்தக் கோப்பை எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. பிறகு ஒரு வருஷம் வராமல் போயிற்று. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. முதல் தடவை வெயிலைச் சொன்னார். இரண்டாம் தடவை தோட்டா சரியில்லை என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். துடைத்து வைத்த பழைய ரிவால்வரை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்ப்பார். திரும்ப உறையில் போட்டுவிடுவார்.

காரணம் எனக்கு ஒரு காலை நேரத்தில் தெரிந்தது. காப்பி கொண்டுபோய் வைத்தேன். பேப்பரை முழங்கை நிமிர நீட்டிப் பிடித்துக்கொண்டு, தலையையும் பின்னால் சாய்த்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பேப்பர் மேல கோவமா? இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் தள்ளிப் பிடிச்சிக்கினு இருக்கீங்க?" என்றேன்.

அவர் பேப்பரை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுவந்தார், மறுபடி தள்ளிப் பிடித்தார். அப்புறம் எழுந்துபோய் ரிவால்வரை எடுத்து வந்து கையை நீட்டினார். நான் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொட்டு கரைஞ்சி போவுது" என்றார்.

குழலின் நுனியில் மேலே ஒரு சின்ன முனை நிற்கும், அதைத்தான் அவர் மொட்டு என்பார். பின்னால், கைப்பிடிப் பக்கம், ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்துக்கு நடுவில் மொட்டை நிறுத்தி, அந்த மொட்டின் தலையில் குறி உட்கார வேண்டும். கண் ஒரே சமயத்தில் மூன்றையும் பார்க்க முடியாது. குறி வரைந்த அட்டை மங்கினால் பரவாயில்லை, பள்ளம் மங்கினாலும் பரவாயில்லை, மொட்டு மட்டும் ஊசிமுனை மாதிரி தெரிய வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அந்த மொட்டு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

மூக்குக் கண்ணாடி வாங்கினார். போட்டுக்கொண்டு சுட்டுப் பார்த்தார். மொட்டு தெரிந்தது, ஆனால் அட்டை இருக்கிற திசையே தெரியவில்லை. அதன் பிறகுதான் பட்டணத்துத் துப்பாக்கிக் கடையில் யோசனை கேட்கப் போனது. கடைக்காரர் வயதானவர், வெள்ளைக்காரர், தானும் ஒரு காலத்தில் போட்டிகளில் சுட்டவர். குழலை நீளமாக எடுத்துக்கொள், மொட்டு கண்ணைவிட்டுத் தள்ளிப் போகும், பேப்பரைத் தள்ளிப் பிடிப்பது மாதிரிதான் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் நீளம் கூடினால் கனமும் கூடும் என்று எச்சரித்து, மூன்றையும் கொடுத்தனுப்பினார்.

சுட்டுப் பார்க்கப் பாலாற்று மணலுக்குப் போனோம். அட்டையில் குண்டு பட்ட இடங்களை அப்போதைக்கப்போது குறித்துவைக்க ஆள் வேண்டும் என்றார். எனக்கு எழுத்து நன்றாக வரும், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதனால் என்னையும் கூப்பிட்டார். கான்ஸ்டபிள் ஒருவர் வண்டியில் முன்னால் உட்கார்ந்துகொண்டார். பொழுது விடியுமுன் ஒற்றை மாட்டு வண்டி சின்ன காஞ்சிபுரம் வழியாகப் போகும். கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் பனிக்குள் வெறும் புடவைத் தலைப்புகளாகத் தெரிவார்கள். வரதராஜர் கோயில் பக்கம் பாசுரக் குரல்கள் கேட்கும், ஆள் தெரியாது. மாட்டின் மணிச் சத்தம் எங்களுக்கு முன்னால் எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போல இருக்கும். காலடியில் கம்பளித் துணியில் சுற்றிய மூன்று ரிவால்வர்களும் கிடக்க, நான் பாதித் தூக்கத்தில் வருவேன். இன்றைக்கும் மார்கழி என்றால் எனக்கு அந்தத் தூக்கம்தான்.

செவிலிமேடு தாண்டி ஆறு. தண்ணீர் ஒரு ஓரமாக, கணுக்கால் நனைகிற அளவுக்கு ஓடும். மற்றதெல்லாம் மணல். அக்கரையோரம் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு ஒன்று இருந்தது. அதன் முன்னால் அட்டையை நிறுத்துவார்கள். குண்டு தாண்டிப் போகாது.

போட்டி இரண்டு பாகம். முதல் பாகம் நிதானமாகச் சுடுவது, மூச்சுவிட்டு, யோசித்து, எப்போது வேண்டுமானாலும் சுடலாம். இரண்டாவதில் அட்டை பக்கவாட்டில் திரும்பி நிற்கும். விசில் ஊதினால் முகம் காட்டும், சட்டென்று மறுபடி திரும்பிக்கொள்ளும். அதற்குள் கையைத் தூக்கிச் சுட வேண்டும். கான்ஸ்டபிள் அட்டைக்கு ஒரு கயிறு கட்டி, மேட்டுக்குப் பக்கத்தில் பாதுகாப்பாக ஒதுங்கி நின்று இழுப்பார்.

முதல் நாள் நாலு அங்குலத்தை எடுத்தார். அது கையில் குருவி மாதிரி துள்ளியது. விசில் ஊதியதும் அட்டை திரும்புவதற்கு முன்னாலேயே அது எழுந்து நின்றுவிடும். ஆனால் மொட்டு கண்ணுக்கு வெகு பக்கத்தில் இருந்தது. குண்டுகள் அட்டையெங்கும் சிதறின. "இது ஜேப்பியில வெச்சிக்கறதுக்கு. போட்டிக்கு இல்ல" என்று கீழே வைத்தார்.

அப்புறம் ஏழரை. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, அப்படியே நின்றார். வெகு நேரம் சுடவில்லை. பனி கலைந்துகொண்டிருந்தது. ஏகாம்பரேசுவரர் கோபுரம் வயல்களுக்கு அந்தப் பக்கம் அடியில்லாமல் மிதந்தது.

"இன்னாங்க?" என்றேன்.

"தெரியுதுமா" என்றார், திரும்பாமல். "நல்லா தெரியுது."

அந்தக் குரலை நான் இரண்டு வருஷமாகக் கேட்டிருக்கவில்லை. சுட்டார். அட்டையைப் பார்க்கப் போனபோது, துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன. உள்ளங்கையால் மூடிவிடலாம். குழல் நீளமாக இருந்தால் மொட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் தூரம் அதிகம், கை நூலளவு கோணினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம் என்று விளக்கினார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஆனால் விசில் பாகத்துக்கு வந்தபோது அந்த நாரைக் கழுத்து அவரைப் பழிவாங்கியது. நுனியில் கனம். கையைத் தூக்கினால் குழல் பின்தங்கி வந்தது. வந்த பிறகும் ஆடி, தணிந்து, நிற்பதற்குள் அட்டை திரும்பிக்கொண்டது. நேரத்தோடு சுட்டால் குண்டு கீழே போயிற்று, நிறுத்திச் சுட்டால் நேரம் போயிற்று. "பேஜார் பண்ணுது" என்றார். ஆனால் அந்தச் சொல்லில்கூட ஒரு செல்லம் இருந்தது. கோபித்துக்கொண்ட மனைவியைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

ஆறு அங்குலத்தை நடுவில் ஒரு நாள் சுட்டார். மொட்டு எப்படி என்று கேட்டேன். "இருக்குது. கொஞ்சம் மங்கல். பனில ஆள் வர்ற மாரி" என்றார். அதைத் துடைத்து வைத்துவிட்டு மறுபடி ஏழரையை எடுத்தார்.

சாயங்காலங்களில் ஸ்டேஷனிலிருந்து வந்து, தோட்டா இல்லாத ஏழரையை எடுத்துக்கொண்டு கூடத்துச் சுவரில் இருந்த ஒரு கறையைக் குறி பார்ப்பார். குழலின் மேல், மொட்டுக்குப் பின்னால், ஒரு காலணாவை வைக்கச் சொல்வார். காலணா விழாமல் விசையை அழுத்த வேண்டும். அதுதான் பயிற்சி. அவருக்குச் சில சமயம் நிற்கும், சில சமயம் விழும். விழுந்தால் நான் எடுத்து மறுபடி வைப்பேன். இப்படியே விளக்கு வைக்கிற நேரம் வந்துவிடும்.

ஒரு நாள் அவருக்குக் கை சோர்ந்துபோயிற்று. "நீ பிடிச்சிப் பாரு" என்றார், விளையாட்டாகத்தான். ஏழரை எனக்குக் கனத்தது. ஆறை எடுத்துக்கொடுத்தார். காலணாவை வைத்தார். நான் சுவரைப் பார்த்தேன், பிறகு மொட்டைப் பார்த்தேன். சுவர் இல்லாமல் போயிற்று.

எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தறியின் நெடுக்கு நூலான பாவைப் பிணைக்கிற வேலை சின்ன வயதிலேயே பழக்கம். முடிந்துபோன பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒரு இழையைச் சேர்த்து விரலால் முறுக்குவது. ஆயிரக்கணக்கில் இழைகள். அதில் உட்கார்ந்துவிட்டால் ஒரு கட்டத்தில் கண் அந்த ஒரு இழையில் நின்றுவிடும், வீடு, தெரு, பசி எல்லாம் எங்கேயோ போய்விடும். அந்த இடத்துக்கு நான் கல்யாணத்துக்குப் பிறகு போனதே இல்லை. இப்போது கையில் இரும்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே போய் நின்றேன். 'டிக்' என்று ஏதோ கேட்டது. விசையை அழுத்திவிட்டேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. காலணா வைத்தது வைத்தபடி இருந்தது.

அவர் ரிவால்வரின் பின்னால் நிற்கிற குதிரையை மறுபடி இழுத்து நிறுத்திக் கொடுத்தார். மறுபடியும் விழவில்லை.

"நாளைக்கு ஆத்துல தோட்டா போட்டுக் குடுக்கறேன்" என்றார்.

"ஐயோ, வாணாங்க. சத்தத்துக்கே செத்துருவேன்."

"காதுல பஞ்சு வெச்சிக்கோ."

மறுநாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மணலில் நின்றேன். ஏழரையைக் கொடுத்துப் பார்த்தார், மணிக்கட்டு தானாகச் சாய்ந்து குண்டு மணலில் புகுந்தது. நாலு அங்குலம் கையைக் கடித்தது. கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் வலி அன்று முழுக்க இருந்தது. ஆறு அங்குலம் மட்டும் கையில் வந்து உட்கார்ந்தது. அதைச் சொல்லத் தெரியவில்லை. நுனி இழுக்கவும் இல்லை, துள்ளவும் இல்லை. மொட்டு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சத்தம் நான் பயந்த மாதிரி பெரிதாக இல்லை. சுட்ட பிறகு வருகிற அமைதிதான் பெரிதாக இருந்தது. ஆற்றங்கரையில் இருந்த அத்தனை கொக்கும் எழும்பி, வட்டமடித்து, மறுபடி அதே இடத்தில் இறங்கின. நான் அட்டையை மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கான்ஸ்டபிள் அட்டையைக் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் அதை வாங்கி, நீட்டிப் பிடித்து, வெகு நேரம் பார்த்தார்.

"ஐயா சுட்டதுங்களா, அம்மா சுட்டதுங்களா?" என்று கான்ஸ்டபிள் கேட்டார்.

"அம்மா."

"நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு காலையில் நானும் சுட்டேன். வீட்டில் பேச்சு அதிகமாயிற்று. சோறு போடும்போதும் விசையைப் பற்றித்தான் பேச்சு. விரலால் அழுத்தாதே, கை முழுவதையும் மூடுகிற மாதிரி மெதுவாக மூடு என்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டால் கண் இருட்டுகிறது, பாதி மூச்சில் நிறுத்தினால் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்வேன். அவர் மறுநாள் அதைச் செய்து பார்ப்பார்.

போலீஸ் சூப்பரிண்டெண்டு துரை ஸ்டேஷன் பார்வையிட வந்தபோது அவருடைய சம்சாரமும் கூட வந்தாள். கோயில் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் இளநீர் சாப்பிட்டாள். செங்கல்பட்டில் பெண்களுக்கென்று ஒரு ரிவால்வர் போட்டி அவள்தான் ஆரம்பித்திருந்தாள். அதில் வெள்ளைக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேரைத் தவிர யாரும் வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் போன பிறகு, "வர்றியா?" என்றார்.

"எத வெச்சிச் சுடறது?"

அவர் யோசிக்கவே இல்லை. "நம்மளது எதுவோ அது."

நம்மளது எதுவோ அது. அங்கேதான் சிக்கல். வீட்டில் இருக்கப்போவது ஒரே ஒரு ரிவால்வர். ஏழரை என்றால் அவருக்கு மொட்டு தெரியும், எனக்குக் கை சாயும். ஆறு என்றால் எனக்குப் பொருந்தும், அவருக்குப் பனி. இதை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது.

பொங்கலுக்கு என் அண்ணனும் அண்ணியும் சீர் கொண்டுவந்தார்கள். கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப் புடவை. அண்ணன் தறிக்காரர், மெதுவான மனிதர். ஆனால் ஊரில் பேச்சு அவர் காதுக்குப் போயிருந்தது. சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடும்போது ஆரம்பித்தார்.

"ஏம்மா, ஆத்துல நீ துப்பாக்கி சுடறதா சொல்றாங்க. நெசமா?"

"ஆமாண்ணா."

"பொம்பள கைல அது இன்னாத்துக்கு? மாப்ள போலீசு. அவரு சுடறாரு. நீ யார சுடப் போற?"

"யாரையும் இல்ல. அட்டையத்தான்."

"அட்டைய சுட்டு இன்னா ஆவப் போவுது?"

 என் வீட்டுக்காரர், "ஒண்ணும் ஆவப் போறதில்ல மச்சான். நான் இத்தினி வருசமா அதைத்தான் சுடறேன்" என்றார் சிரித்துக்கொண்டே. அண்ணன் சிரிக்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காக என் வீட்டுக்காரர் மூன்று ரிவால்வர்களையும் எடுத்துவந்து காட்டி, நீளங்களைச் சொன்னார்.

"ஏழரையா?" என்றார் அண்ணன். "பேரே நல்லா இல்லியே மாப்ள. போயும் போயும் ஏழரைய எவனாச்சும் காசு குடுத்து வூட்டுக்குக் கூட்டிக்கினு வருவானா?"

அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம். அண்ணன் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. ஆனால் கிளம்பும்போது என்னிடம், "நல்லா யோசிம்மா" என்றுதான் சொன்னார். அவர் செருப்பை மாட்டுவதற்குள் அண்ணி என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "எங்க, ஒரு தபா கைல குடு" என்றாள். தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு ஆறு அங்குலத்தைக் கொடுத்தேன். அவள் அதைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கி, பார்த்து, முந்தானையால் ஒரு தடவை துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

கடைசிக் காலை. பனி முன்போல இல்லை. மணலில் எங்கள் பழைய காலடித் தடங்கள் தெரிந்தன. அவர் ஏழரையை எடுத்து நிதானமாகச் சுட்டார். அவ்வளவு நல்ல அட்டை அவர் வாழ்க்கையில் சுட்டதில்லை என்று நினைக்கிறேன். ஒரு பெரிய துளைதான், அதன் ஓரங்கள் மட்டும் கிழிந்திருந்தன. அட்டையை மடித்து ஜேப்பியில் வைத்துக்கொண்டார். அப்புறம் ரிவால்வரைத் துடைத்தார். எண்ணெய் போட்டார். கம்பளித் துணியில் சுற்றினார். நாலு அங்குலத்துக்குப் பக்கத்தில், திருப்பிக் கொடுக்கிற பெட்டியில் வைத்தார்.

"இன்னா பண்றீங்க?"

"ஆறையே வெச்சிக்கலாம்."

"எனக்காகவா?"

"உனக்காவ இன்னாத்துக்கு? விசில் அடிச்சா இது எழுந்துக்கவே மாட்டேங்குது. பாதிப் போட்டி போயிரும்."

"பழகினா வந்துரும்னு நேத்து நீங்கதான சொன்னீங்க?"

"நேத்து சொன்னேன்."

"உங்களுக்கு மொட்டு தெரியாதேங்க."

அவர் பெட்டியை மூடினார். "தெரியும். மங்கலாத் தெரியும். மங்கலாத் தெரியறத வெச்சி சுடக் கத்துக்கணும். இன்னும் வயசாவப் போவுது, எத்தினி அங்குலம் நீட்டிக்கினே போறது?"

நான் பெட்டியைத் திறந்து ஏழரையை வெளியே எடுக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். கான்ஸ்டபிள் அட்டைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்ததால் விட்டுவிட்டார். வண்டியில் திரும்பும்போது பெட்டி மூடியபடியே எங்கள் காலடியில் கிடந்தது. அவர் சொன்ன காரணங்களில் எது நிஜம் என்று எனக்குக் கடைசி வரை தெரியாது. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் நிஜமாக இருந்திருக்கலாம்.

செங்கல்பட்டில் மலையடிவாரத்தில் மைதானம். ஏரியிலிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது. ஷாமியானாவுக்குக் கீழே துரைகளும் துரைசானிகளும். பேண்டு வாத்தியம். கூட்டத்தில் எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருந்தது. தறியில் போட்ட சாதாரண நூல் புடவைதான் கட்டியிருந்தேன், தலைப்பை இறுக்கிச் செருகியிருந்தேன்.

பெண்கள் போட்டி முதலில். ரிவால்வரில் அவரே தோட்டா போட்டுக் கொடுத்தார். அது அவர் கைச்சூட்டோடு என் கைக்கு வந்தது. "அட்டையப் பாக்காத" என்றார், அவ்வளவுதான். நான் மொட்டைப் பார்த்தேன். பேண்டு வாத்தியம் தூரத்துக் கல்யாண வீட்டில் கேட்பது மாதிரி ஆயிற்று, அப்புறம் அதுவும் இல்லை. ஏரிக்காற்றில் என் கை ஆடுவது தெரிந்தது. ஆடட்டும் என்று விட்டேன். மெதுவாக மூடினேன். மறுபடி, மறுபடி. சத்தங்கள் வேறு யாரோ சுடுவது போல இருந்தன. எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. யாரோ தோளைத் தொட்டார்கள். எங்கள் வீட்டில் இளநீர் சாப்பிட்ட துரைசானி. அவள் முதலாவது, நான் இரண்டாவது. என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அடுத்த வருஷம் தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொன்னதாக என் வீட்டுக்காரர் தமிழில் சொன்னார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அவருடைய கோப்பைகள் எதற்கும் அப்படி இருந்ததில்லை.

பிறகு அவருடைய முறை. நிதானப் பாகத்தில் அவர் வெகு நேரம் நின்றார். மங்கலோடு அவர் மல்லுக்கட்டுவது எனக்கு முதுகைப் பார்த்தே தெரிந்தது. குண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போயின. கூட்டத்தில் யாரோ, இவர்தானே முன்னால் கோப்பை வாங்குவார் என்று கேட்டது என் காதில் விழுந்தது. அந்த நிமிஷம் ஏழரையை நான் பிடுங்கியாவது வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

விசில் பாகம். அட்டை திரும்பியது. அவர் கை எழுந்தது. ஆற்றில் நான் பார்த்த கை இல்லை அது. மொட்டைத் தேடவே இல்லை என்று நினைக்கிறேன். கை எழுந்த இடத்திலேயே குண்டும் போயிற்று. ஒவ்வொரு விசிலுக்கும் அப்படியே. அந்தப் பாகத்தில் அவரை யாரும் நெருங்கவில்லை. இரண்டையும் கூட்டிப் பார்த்தபோது கோப்பை ஒரு வாலிப சப்-இன்ஸ்பெக்டருக்குப் போயிற்று. இவர் அந்தப் பையனிடம் போய், எந்த நீளம் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். நாலு அங்குலம் என்று அவன் சொன்னான். "கண்ணு இருக்குது, சுடறான்" என்று என்னிடம் வந்து சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எனக்குக் கிடைத்த பரிசு, வெள்ளி முலாம் பூசிய ஒரு சாமான். தட்டு மாதிரி அடி, அதன் மேல் வளைவு வளைவாகக் கம்பிகள். எதற்கென்று இருவருக்குமே தெரியவில்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த வாத்தியார் ஒருவர், வெள்ளைக்காரர்கள் வாட்டிய ரொட்டியை அதில் நிற்கவைத்துச் சாப்பிடுவார்கள் என்று சொன்னார். எங்கள் வீட்டில் அது வெற்றிலை நிற்கிற சாமானாயிற்று.

அந்தச் சாயங்கால ரயில் பழையசீவரத்துப் பக்கம் வரும்போது பாலாறு தெரிந்தது. மணல் முழுக்கச் செம்மஞ்சளாக இருந்தது, எங்கே ஆறு முடிகிறது, எங்கே வானம் ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து பாதிக் கண்ணை மூடியிருந்தார்.

"அந்தாண்ட பனை மரம் நிக்குது, தெரியுதா?" என்றார்.

"தெரியுது."

"இலை தெரியுதா?"

"தெரியலீங்க. வெறும் மரமாத்தான் தெரியுது."

"எனக்கு ஒவ்வொரு மட்டையும் தெரியுது" என்றார் அவர், சந்தோஷமாக. வாலாஜாபாத் வருவதற்குள் தூங்கிப்போனார். ரயில் ஆடும்போதெல்லாம் அவர் தலை என் தோளில் வந்து இடித்தது. வாத்தியார் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நகரவில்லை.